பூவாத்தாளும் என் புதுப் பிரேக்கும்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊட்டி ஏறியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

என் வண்டி ஐம்பத்தெட்டாம் வருடத்து மோட்டார் சைக்கிள். துருப்பிடித்த எலும்புக்கூடாக வாங்கி, துடியலூர் வீட்டு வாசலில் இரண்டு வருடம் உட்கார்ந்து நானே உயிர் கொடுத்தது. மேட்டுப்பாளையத்தில் நண்பர் பாலகோபால் தன்னுடைய பழைய வண்டியோடு காத்திருப்பார்.

ஒரே தடங்கல். அதே ஞாயிறு, சூலூரில் என் மச்சானின் பேரனுக்குக் காதுகுத்து. வண்டி ஓடும் என்று தெரிந்தால் என் மனைவி பூவாத்தாள் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஆகவே வண்டி ஓடக் கூடாது. அவள் பார்க்கும்போது மட்டும்.

சனிக்கிழமை காலை, கார்புரேட்டரின் காற்றுத் திருகாணியை வேண்டுமென்றே உள்ளே முடுக்கிவிட்டு உதைத்தேன். வண்டி இருமியது. கரும்புகை கக்கியது. செத்தது.

"பாத்தியா அம்மணி? இது தேறாது. நாளைக்கு நீ பஸ்ஸுல போயிரு. நான் இதப் பாக்கோணும்."

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஏனுங்க, புகை கருப்பா வருதுங்க. பெட்ரோலு சாஸ்தி, காத்து பத்தல. அந்தத் திருகாணியக் கொஞ்சம் வெளிய எடுங்க."

என் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

"உனக்கு யாரு சொன்னா?"

"ரெண்டு வருசமா என்ற காதுக்குப் பக்கத்துலதானுங்க உறுமுது. நான் கோயலுக்குப் போனா நல்லா ஓடுது. ஊட்டுக்கு வந்தா நின்னுபோகுது. ஏனுங்க, அதுக்கும் என்னையக் கண்டா பயமா?"

வேறு வழியில்லை. எடுத்தேன். உதைத்தேன். தாளம் தப்பாமல் ஓடித் தொலைந்தது. அவசரமாக அடுத்த பொய்க்குத் தாவினேன்.

"எஞ்சின் ஓடுனாப் போதுமா? முன்சக்கரத்துக்குப் பெரிய டிரம் மாத்தி, பிரேக்குக்குப் புது லைனிங் ஒட்டியிருக்கறேன். இன்னும் படியல. ரெண்டு ஆளு பாரத்துக்கு நிக்காது."

"ஒரு ஆளுன்னா நிக்குமுங்களா?"

"கல்லு மாதிரி நிக்கும்!"

"செரிங்க."

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமாக நான் அவளை ஜெயித்ததே இல்லை. அன்றைக்குக் கூடுதலாகவே தோசை தின்றேன்.

ஞாயிறு காலை. குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டி ஓடும் சத்தம். திருடன்! ஈரத் துண்டோடு ஓடினேன்.

பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வண்டிமேல் பூவாத்தாள். பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய சீர்க்கூடை.

"எறங்கு! கியர் வண்டி! கொன்னுபோடும்!"

"எங்கண்ணன் வண்டியத் தோட்டத்துத் தடத்துல ஓட்டிப் பழகுனவளுங்க நானு. நீங்க கேக்கவே இல்ல, நானும் சொல்லல. ஒரு ஆளுக்கு நிக்கும்னு நீங்கதான சொன்னீங்கொ? நீங்க பஸ்ஸுல வந்துருங்க. அண்ணன் எதிர்பாத்துட்டிருக்கும்."

நான் வாயை மூடுவதற்குள் கிளம்பிவிட்டாள். தெருமுனையில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஆடு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வண்டி வழுக்காமல், இம்மி சாயாமல் நின்றிருந்தது. என் பிரேக்கை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. அதை அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது?

திரும்பி வந்து என் முன்னால் நிறுத்தினாள்.

"பிரேக்கு அருமைங்க. கேபிளு மட்டும் இழுப்பா இருக்குது, பிரேக்கு உடாம சக்கரத்துல ஒரசுது. பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னால கொஞ்சம் தளத்தி உட்டுருங்க."

ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தளர்த்திக் கொடுத்தேன்.