போர்வையை விலக்காத இல்லம்

1996ஆம் ஆண்டு, சூலூருக்கு அப்பால் தறி ஓடாமல் பூட்டிக் கிடந்த கொட்டகை ஒன்று ஒரே மாதத்தில் 'முக்தி நிழல் அந்திம சேவை இல்லம்' ஆயிற்று. தறிகள் நின்ற இடங்களில் கட்டில்கள் நின்றன. வெள்ளிக்கிழமைதோறும் கோபிசெட்டிபாளையத்திலிருந்தும் தொண்டாமுத்தூரிலிருந்தும் மக்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். திருப்பூர்ப் பேருந்தின் நடத்துநர், "முக்தியெல்லாம் எறங்குங்க!" என்று கூவினார். எவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டத்துக்குக் காரணம் உண்டு. உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டிருந்தால், நிறைவேறாத ஆசை ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது ஊரார் நம்பிக்கை. மண்ணாசையாயின் தோட்டத்து மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். பொன்னாசையாயின் பொன்னை உரசி ஊற்றுவார்கள். இன்ன ஆசைதான் என்பதில் மட்டும் குடும்பத்துக்குள் கருத்து வேறுபாடு எழும். அக்குறையைத் தீர்க்க அவதரித்தவர் ஆசையறுத்த அடிகளார்.

அவதாரத்துக்கு முன்பு அவர் பெயர் செங்கோடன். சாவு வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விட்டு வந்தார். அவர் தொழிலை மாற்றிக்கொண்டார் என்று கூற இயலாது. ஒரு படி முன்னால் வந்து நின்றுகொண்டார்.

கணிப்பு முறை எளியது. நோயாளியைத் தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வையால் மூடுவார்கள். அடிகளார் கால்மாட்டில் நின்று, கண்ணை மூடி, ஞானக்கண்ணைத் திறப்பார். ஆசை இன்னது, நாள் இத்தனை என்று அறிவிப்பார். அவர் கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்ததாக விளம்பரப் பலகை கூறிற்று. சாகும் தறுவாயில் இருப்பவர் சாவார் என்று சொல்லித் தோற்றவர் உலகில் இல்லை.

ஞானக்கண் திறப்பதற்கு முன்பு ஒரு படிவம் நிரப்பப்படும். அதில் நாற்பத்திரண்டு வினாக்கள். நிலம் எவ்வளவு, நகை யாரிடம், பங்காளிச் சண்டை உண்டா, விரும்பி உண்டது எது, விற்ற வண்டி எது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். வலி எங்கே என்ற வினா மட்டும் இல்லை. அச்சகத்தில் இடம் போதவில்லை போலும்.

கடைசிக் கட்டிலில் பாலுசாமி கிடந்தார். வயது ஐம்பத்து நான்கு, எட்டுத் தறிகளுக்கு உரிமையாளர், வயிற்றில் புற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கூறிய பெரிய மருத்துவமனை, வலிக்கு மட்டும் மாத்திரைகள் கொடுத்து அனுப்பியது. அம்மாத்திரைகளை இல்லத்தார் வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்கள். மாத்திரை ஆன்மாவை மயக்கிக் கணிப்பைப் பிழையாக்குமாம்.

ஆகவே பாலுசாமி மாத்திரைக்குப் பதிலாக மண் கரைத்த நீரைக் குடித்தார். பின்னர் மனைவியின் தாலிக்கொடியை உரசிய நீர். அடுத்து, ஸ்கூட்டரின் மாற்றுச் சாவியை ஊறவைத்த நீர். மூன்று வெள்ளிகள் கழிந்தன. வலி அகலவில்லை, வயிற்றுப்போக்கு மட்டும் புதிதாக வந்து சேர்ந்தது.

பதினெட்டாம் நாள் அவரைப் பார்க்க அமலி வந்தார். மிஷன் மருத்துவமனையில் முப்பதாண்டு செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலுசாமியின் வாடகை வீட்டில் குடியிருப்பவர்.

"சிஸ்டர், வந்தீங்களா? அந்த ஸ்கூட்டர வித்து ஆறு வருசமாச்சுங்க. ஆசையிருந்தா வாங்குனவனுக்கில்ல இருக்கோணும்? எனக்கு எதுக்குச் சாவித் தண்ணி?"

"உங்களுக்கு என்ன வேணும்னு அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனுங்க. சித்தெ பொரட்டிப் படுக்க வையுங்க, மாத்திரையக் குடுங்கன்னு. நோயாளி பேசறது வெறும் வாயி, ஆன்மா பேசறதுதான் நெசம்னு சொல்லிப்போட்டாரு சாமி."

அமலி போர்வையை விலக்கி, அவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தார். முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். பாலுசாமியின் மனைவி செல்லாத்தாள் அதைப் பார்த்துவிட்டுக் கட்டில் காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

"நா பாக்கவே இல்லீங்களே சிஸ்டர்... போர்வைய எடுத்தா ஆன்மா கூசிப் போயிரும்னாங்க."

"பதினெட்டு நாளா இங்க ஒருத்தரும் போர்வையைத் தூக்கலை, அம்மணி. உள்ள யார் இருக்காங்கன்னே உங்க சாமிக்குத் தெரியாது."

"சாமிக்குத் தெரியாதுங்களா? அவருக்கு ஞானக்கண்ணு..."

"சரி, வெள்ளிக்கிழமை இவருக்குப் பதிலா வேற எதையாச்சும் மூடி வெச்சுப் பாத்துருவோம். அவர் சொல்றது சரியா இருந்தா, அவர் கால்ல நானே விழறேன். இல்லேன்னா மாத்திரையை வாங்கிட்டு இவரை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரணும்."

செல்லாத்தாள் கணவனைப் பார்த்தாள். "ஒத்துக்க, செல்லா. தோத்தாலும் ஒரு வெள்ளிக்கிழமை தண்ணி மிச்சம்" என்றார் பாலுசாமி.

வெள்ளியன்று காலை, வரவேற்பறையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புகைப்படத்துக்காக வைத்திருந்த சக்கர நாற்காலி முதன்முதலாக ஒரு நோயாளியைச் சுமந்தது. இல்லத்தார் வாசலில் பந்தல் போடப் போன நேரம் பார்த்து, இரு பெண்களும் பாலுசாமியைத் தலையணைகள் மேல் அமர்த்திச் சுவரோரத் திரைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கட்டிலில் கழிவுப் பஞ்சு மூட்டை உடம்பாயிற்று. தலைக்கு, அமாவாசையன்று வாசலில் கட்டுவதற்காக மீசை வரைந்து கொல்லையில் வைத்திருந்த திருஷ்டிப் பூசணிக்காய் கிடைத்தது. ஞானியின் இல்லத்துக்கும் கண்ணேறு படும் அல்லவா?

கூட்டம் நிறைந்தது. அடிகளார் கட்டில் கட்டிலாக வந்து, கடைசிக் கட்டிலின் கால்மாட்டில் நின்று கண்ணை மூடினார்.

"மூச்சு தொண்டைக்கு வந்துருச்சு. கால் சில்லிட்டுப் போச்சு. தல மட்டும் கனமா இருக்குது."

தலையைப் பற்றிய செய்தியில் பிழை காண இயலாது.

"ஆன்மா அழுவுது! தோட்டத்து மண்ண உட்டுப் பிரிய மாட்டேங்குது!"

பூசணிக்காயைப் பொறுத்தவரை இதுவும் முழுப் பொய்யன்று.

"தென்மூலை மண்ணக் கரைச்சு ஊத்துங்க. ஞாயித்துக்கிழம பொழுதோட உசுரு போயிரும்."

அமலி மண் கரைத்த செம்பை நீட்டினார். "நீங்களே உங்க கையால ஊத்துங்க சாமி."

"போர்வைய நாம தொடறதில்லீங்க."

"நா தொடறனுங்க" என்று செல்லாத்தாள் முன்னால் வந்து, ஒரே இழுப்பில் போர்வையை உருவினாள்.

முறுக்கிய மீசையுடனும் நீட்டிய செந்நாக்குடனும் பூசணிக்காய் மக்களை நோக்கிற்று. பிறகு முன்வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடிகளாருக்கு அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. "பாத்தீங்களா! ஆசை முத்திப்போயி ஆளே காயா மாறிப்போட்டாரு!"

"சாமீ!" என்றது கூட்டம். பத்துப் பேர் விழுந்து வணங்கினார்கள். ஒரு பெரியவர், "பாலுசாமிக்கு மீசை கிடையாதுங்களே?" என்று ஐயுற்றார். "செத்த பொறகு மொளைச்சிருக்கும்" என்று அருகிலிருந்தவர் விளக்கினார்.

அப்போது திரை விலகிற்று.

"ஏனுங்க சாமி, நா இங்கிருக்கேனுங்க" என்றார் பாலுசாமி. "அதுக்கு மண்ணு ஊத்துனா மொளைச்சாலும் மொளைக்கும். என்ற மாத்திரையக் குடுத்துருங்க."

"இது... இது அவரோட சூட்சும ரூபம்!" என்றார் அடிகளார்.

செல்லாத்தாள் அவர் எதிரில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க சாமி. என்ற ஊட்டுக்காரருக்கு எங்க வலிக்குதுங்க? மூணு வாரமா உங்க கண்ணு முன்னாடிதான் கெடக்கறாரு. சொல்லுங்க."

அடிகளார் வயிற்றைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், படிவம் இருந்த மேசையைப் பார்த்தார்.

முதலில் எழுந்தவள் மூன்றாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்த ஒரு பெண். தன் மாமனாரின் போர்வையை விலக்கினாள், "ஐயோ, எறும்பு!" என்று அலறினாள். அதன் பின் கொட்டகை முழுவதும் போர்வைகள் விலகின. அவற்றின் அடியில் மக்கள் கண்டவற்றை இங்கே வரிசைப்படுத்துவது தேவையில்லை. கண்டவர்கள் பீரோவை உடைத்தார்கள். எழுந்தவர்களின் செருப்பொலி கேட்டதும் அடிகளார் பின்வாசல் வழியே ஓடினார். எதிரே இருந்த வேலியை ஞானக்கண் அவருக்குக் காட்டவில்லை; போய் முட்டிக்கொண்டார்.

பாலுசாமி அன்று பிற்பகலே வீடு சேர்ந்தார். அமலி புண்ணைக் கழுவிக் கட்டினார். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தார். அன்றிரவு பாலுசாமி தூங்கினார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தது; அவர் மிளகு ரசம் கேட்டார். அதற்குப் பின் இருபத்தாறு நாள்கள் உயிரோடிருந்தார். காலைதோறும் செல்லாத்தாள், "இன்னைக்கு என்னங்க வேணும்?" என்று கேட்டாள், அவரும் சொன்னார். ஒரு நாள் தறிகளை ஓட்டச் சொன்னார். தூங்க முடியவில்லை என்று மறுநாளே நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு மதியம், அவள் கையைப் பிடித்தபடி உறக்கத்திலேயே போனார். எதையும் கரைத்து ஊற்ற நேரவில்லை.

அடிகளார் வேறு மாவட்டத்தில் வேறு பெயரில் இருப்பதாகக் கேள்வி. அங்கும் கூட்டமாம். வியப்பில்லை. சொந்தக் கண்ணால் பார்க்க அஞ்சுகிறவர்கள் இருக்கும்வரை ஞானக்கண்ணுக்குக் கிராக்கி குறையாது.