செவிள் பார்த்து வாங்கிய கொம்பியூட்டர்

மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொம்பியூட்டர் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கொம்பியூட்டரின் செவிளைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்தவர் கருவாட்டண்ணன் ஒருவர்தான். எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

காலையில் அவர் மீன் வியாபாரி. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸும் மீனும் போட்ட ரெஜிபோம் பெட்டி, கைப்பிடியில் ரப்பர் ஹோன். பத்து மணிக்கு மீன் முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, பழைய பாகங்களாகப் பொறுக்கி, குறைந்த செலவில் கேம் கொம்பியூட்டர் கட்டிக் கொடுப்பார். கழுவிய கைதான். ஆனாலும் எங்கள் வவுணதீவில் பாதிக் கொம்பியூட்டர்களின் மேல் பூனை படுத்துக் கிடக்கும். அவற்றில் ஒன்றுகூட இதுவரை பழுதானதில்லை.

உப்புக் காற்றில் கறள் பிடித்த எதைக் கண்டாலும் "இது கருவாடு" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். அந்தப் பெயர் அப்படி வந்தது.

எனக்கு அவர் தேவைப்பட்டது என் தம்பியால். கட்டாருக்கு வேலைக்குப் போய் ஐந்து வருடம், ஒருதரம்கூட வரவில்லை. போன் எடுத்தால் சாப்பிட்டியா, ஓம் என்பதோடு கதை முடிந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் அறையில் தனியாகத் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறானாம். நானும் ஒரு கொம்பியூட்டர் எடுத்தால் சின்ன வயதில் போல ஒரே கட்சியில் நிற்கலாம் என்று ஒருநாள் அவனே சொன்னான். நான் பள்ளிக்கூட வாத்தியார். கையில் இருந்தது ஒரு சீட்டுக் காசு. வாங்குவது பழுதென்றால் இரண்டாம் தரம் வாங்க வழியில்லை.

கருவாட்டண்ணன் முதலில் வீட்டுக்கு வந்தார். பக்கத்து நெல் ஆலை ஓடும்போது என் வீட்டு மின்குமிழ் எப்படி மங்குகிறது என்று அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பவர் சப்ளை மட்டும் புதிதாக, நல்லதாக வேண்டும். மற்றதெல்லாம் பழசு போதும் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி. என்ன கேம் என்று கேட்பார் என்றுதான் நினைத்தேன்.

"ஆரோட விளையாடப் போறீங்க மாஸ்டர்?"

சொன்னேன். ஐந்து வருடம் என்றதும் "ம்" என்றார், அவ்வளவுதான்.

பட்டணத்தில் பழைய கொம்பியூட்டர் சாமான் விற்கும் கடை வாசலில் அவருடைய ஹோன் கேட்டதுமே முதலாளியின் முகம் சுருங்கியது. நான் கலர் லைட்டும் மூன்று விசிறியும் வைத்த கிராபிக்ஸ் காட் ஒன்றில் மயங்கி நின்றேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு நேரே வீதிக்குப் போனார். கடை வெளிச்சத்தில் மீனும் வாங்கக் கூடாதாம், காட்டும் வாங்கக் கூடாதாம். வெயிலில் பிடித்து, விசிறிக்குப் பின்னால் இருந்த தகடுகளை விரலால் விலக்கிச் செவிள் பார்ப்பது போலவே பார்த்தார். மூக்கில் வைத்து மணந்தும் பார்த்தார்.

"கதிரவெளிக் காட். கடலப் பாத்த சன்னலுக்குக் கீழ வச்சிருக்கான். கருவாடு."

முதலாளி கொப்பியைப் புரட்டினார். அதைக் கடைக்கு விற்றவன் கதிரவெளிக்காரன்தான். பக்கத்தில் நின்ற ஒருவர், தான் வாங்கிப் பையில் வைத்திருந்ததை மெல்ல வெளியே எடுத்து அவரிடம் நீட்டினார்.

கடைசியில் அவர் தெரிந்தெடுத்தது ஒற்றை விசிறியோடு செம்புழுதி அப்பிய ஒரு அவலட்சணம்.

"கரடியனாத்துப் புழுதி. கடல் எட்டாத ஊர். தட்டினாப் போயிரும். உப்புத்தான் போகாது."

மிச்சக் காசுக்குப் பெரிய திரை வாங்கலாம் என்று நான் நினைத்திருக்க, அவர் நல்ல மைக் வைத்த ஹெட்போனை எடுத்து மேசையில் வைத்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நான் கேம் விளையாடவா போகிறேன், ரேடியோவில் செய்தி வாசிக்கவா என்று கேட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு மறுகா ஏசுங்கள் என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆலை ஓடியது, மின்குமிழ் கண்ணடித்தது, கொம்பியூட்டர் அசரவில்லை. தம்பியும் நானும் திரைக்குள் ஒரு மதிலுக்குப் பின்னால் பதுங்கியிருந்தோம். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்த கருவாட்டண்ணன் திருப்தியோடு எழுந்து போனார். வாசலில் மோட்டார் சைக்கிளை எடுத்தவர், பழக்க தோஷத்தில் ஹோனை ஒருதரம் அமத்தினார். நல்ல மைக், அதையும் பிடித்துக்கொண்டது.

ஹெட்போனில் தம்பியின் பேச்சு நின்றுவிட்டது. எதிரிகள் வந்து அவனைச் சுட்டார்கள், என்னையும் சுட்டார்கள்.

"அண்ணே, அது நம்மட மீன்காரர்ர ஹோனா?"

"ஓம்."

"இன்னொருக்கா அடிக்கச் சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் அவர் அடித்த அடியில், எங்கள் தெருப் பெண்கள் மீன் வாங்கச் சட்டியோடு படலைக்கு வந்துவிட்டார்கள்.

அது நடந்து இரண்டு வருடம். இப்போதும் வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு என் வாசலில் அந்த ஹோன் கேட்கும். மூன்றரைக்கு எந்த மீன்? எட்டிப் பார்த்தால், குளித்து முழுகி, பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, ஹோனை மட்டும் கொண்டு வந்திருப்பார் மனிசன். அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணனும் தம்பியும் சுடுவதை நிறுத்திவிடுவோம். அதனால் எத்தனை தரம் தோற்றோம் என்று இருவருக்கும் நினைவில்லை.