மீட்புப் பையின் மகிமை

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. மூன்றாவதாக, நார்வேயில் எங்கள் கிரோவிக் நகரத்து உயரக் குதிப்போர் சங்கம் 'சுயமீட்புப் பை'யைக் கண்டுபிடித்தது. அச்சங்கத்தின் செயலாளர் நான். ஆகவே இது தற்பெருமை அல்ல, அதிகாரபூர்வத் தகவல்.

குதிப்பது என்றால் விமானத்திலிருந்து அல்ல. அதில் என்ன வீரம்? பாலம், கோபுரம் என்று தரையில் ஊன்றி நிற்கும் ஏதாவது ஒன்றின் உச்சியிலிருந்து, முதுகில் ஒரே ஒரு பாராசூட்டுடன் குதிப்பது. எங்கள் ஊரில் அதற்கு வாய்த்தது மூடிக்கிடக்கும் உருக்காலையின் புகைபோக்கி. குதித்தவர் நடுவில் எங்காவது மாட்டிக்கொண்டால் தீயணைப்பு வண்டியின் ஏணி பாதிக்குக்கூட எட்டாது. எனவே தன்னைத் தானே மீட்டுக்கொள்ளத் 'திட்டம்' இருந்தால்தான் அனுமதி என்று நகராட்சி சொல்லிவிட்டது. திட்டம் என்று காதில் விழுந்ததும் எங்கள் தலைவர் அஸ்பியோர்னுக்குக் கண் கலங்கியது. உடனே குழு அமைத்தார்.

குளிர்காலம் முழுவதும் கூடினோம். ஒவ்வொரு கூட்டத்திலும் வாஃபிள் அப்பமும் பழுப்புச் சீஸும் தீரும். பையில் ஒரு பொருள் கூடும். கயிறு, கொக்கி, கத்தி, விசில் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. பொருளாளர் குட்முண்ட் காப்பிக் குடுவையைச் சேர்த்தார். "அந்தரத்துல தொங்கறவங்களுக்குக் குளிராதா?" என்று அவர் கேட்டபோது யாராலும் மறுக்க முடியவில்லை. கம்பளிக் காலுறை வந்தது. மழைக்கோட்டு வந்தது. பனி உருகும்போது பை ஓர் ஆட்டுக்குட்டியின் கனத்துக்கு வந்திருந்தது.

இத்தனை அருமையான பை தொலைந்துவிடலாமா? அதைக் குதிப்பவரின் மார்புப் பட்டையில் கழற்ற முடியாதபடி தைத்துவிட்டோம். பையின் வாயைச் சுருக்கி மூட ஒரு நீண்ட நைலான் நாடாவும் வைத்தோம். மேலும், மீட்புக் கருவி எதையும் சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ தனியாக வைத்திருக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஊர்த் திருவிழாவில் முதல் குதிப்பு. குதிப்பவர் இங்வில்ட், பள்ளியில் கணக்கு ஆசிரியை, சங்கத்திலேயே கைதேர்ந்தவர். 'பார்வையாளர்' என்ற பொறுப்பில் நானும் உச்சி மேடைக்கு ஏறினேன். குழு கீழே வாஃபிள் மேசையைச் சுற்றி நின்றது.

"யோவ் செயலாளரே, என்னைக் காப்பாத்தப் போறீங்களா, வீடு மாத்தி அனுப்பறீங்களா?" என்றார் இங்வில்ட், பையைத் தட்டிக்கொண்டே. பிறகு, பெரிய பாராசூட்டை இழுத்துத் திறக்கும் சின்னக் குடையைக் கையில் பிடித்தபடி குதித்தார்.

உடனே நின்றார்.

பையின் நாடா மேடைக் கம்பியில் சிக்கியிருந்தது. என் காலுக்குக் கீழே அவர் ஆடிக்கொண்டிருந்தார்.

"இன்னும் குதிக்கலையா?" என்று கேட்டேன்.

"நான் குதிச்சாச்சு! உங்க பைதான் வர மாட்டேங்குது!"

இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அவர் எடையோடு நாங்கள் சேர்த்த எடையும் அல்லவா!

"நாடாவை அறுத்து விடுங்க. நேரா விழுந்தா பாராசூட்டைத் திறந்துக்குவேன். நாடா தானா ஒரு பக்கமாப் பிஞ்சா தலைகீழாப் புரண்டு சுவத்துல மோதிச் செத்துருவேன். சீக்கிரம்!"

"கத்தி எங்க?"

"பைக்குள்ள! நான் தொங்கத் தொங்க அது வாயை இறுக்கிக்கிட்டே போகுது!"

நாடாவில் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது. என் சாப்பாட்டுப் பெட்டியில் சீஸ் சீவும் கருவி ஒன்று இருந்தது. ஆனால் அது சங்கச் சொத்து. நாடாவும் சங்கச் சொத்து. ஒரு சங்கச் சொத்தால் இன்னொரு சங்கச் சொத்தை அறுப்பதற்குக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வாக்கிடாக்கியில் தலைவரைக் கூப்பிட்டேன்.

"அறுக்கறதா? புத்தம் புதுப் பைய்யா அது!" என்று அலறினார் அஸ்பியோர்ன். "இரு, குழுவைக் கூட்டறேன். குட்முண்ட், அந்த வாஃபிளை வெச்சுட்டு வாய்யா!"

இங்வில்ட் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சின்னக் குடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கால்சட்டைப்பையிலிருந்து, அதாவது தீர்மானத்துக்கு முற்றிலும் விரோதமாக, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்கண்டு ஒன்றை எடுத்தார். பழைய குதிப்பவர்களின் வழக்கம் அது. உயரத்தில் மாட்டிக்கொண்டால் நூலைக் கீழே இறக்குவார்கள். நண்பர்கள் கயிற்றைக் கட்டிவிட, மேலே இழுத்துக்கொள்வார்கள். இவரோ நூலை நாலாக மடித்து நாடாவில் கொடுத்து, வாள் போல முன்னும் பின்னும் இழுக்க ஆரம்பித்தார். நைலான் உருகும் வாடை வந்தது.

"இங்வில்ட் என்ன நெனைக்கறாங்க?" என்றது வாக்கிடாக்கி. "பாதிக்கப்பட்டவங்க கருத்தும் பதிவாகணும்."

"அவங்க வாயில குடை இருக்கு, தலைவரே."

"அப்போ ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கோ."

நாடா அறுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். படாரென்று துணி விரியும் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். நீலப் பாராசூட் வாஃபிள் மேசைக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே குழு இன்னும் கை தூக்கி வாக்கெடுத்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் பாராட்டுக் கூட்டம். பையை அணிந்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை என்று தலைவர் அறிவித்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இங்வில்ட் எழுந்தார்.

"பை இல்லேன்னா நான் மாட்டியிருக்கவே மாட்டேன்! அந்த நூல்கண்டு மட்டும் பாக்கெட்டுல இல்லேன்னா இன்னிக்கு எனக்கு இரங்கல் கூட்டம் போட்டிருப்பீங்க. அதுக்கும் வாஃபிள் சுட்டிருப்பீங்க!"

தலைவர் நெகிழ்ந்துபோனார். "நூல் அவ்வளவு முக்கியமா? அப்போ அதைப் பத்திரமா வைக்க வேண்டாமா?"

இனி நூல்கண்டைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பையின் அடியில், காப்பிக் குடுவைக்குக் கீழே வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். எதிர்த்து ஒரே ஒரு கைதான் உயர்ந்தது, இங்வில்டுடையது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மீட்புக் குழுவில் குதிப்பவர்களுக்கு வாக்கு கிடையாது. அவர்கள் உணர்ச்சிவசப்பட்டு எப்போது பார்த்தாலும் உயிரைப் பற்றியே பேசுகிறார்கள்.