முதல் மழைக்கு மூடி போட்டவர்

உலகத்தில் மழையைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் பாட்டில் சார்தான். மரக்காணத்தில் நான் உப்பள மேஸ்திரியாக இருந்தபோது, வரப்போரம் ஒரு ஆய்வுக்கூடம் நட்டுவைத்த புனலுக்கும் பாட்டிலுக்கும் அவர் காவல். அணுக் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்க மழைநீரைப் பிடித்து அனுப்புவது வேலை. பாட்டிலோடு போகும் வழியில் போலீஸ்காரர் மறித்து, சாராயமோ என்று மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். மழைத் தண்ணி என்றால் எந்தப் போலீஸ் நம்பும்?

டீக்கடையில் சிக்கினால் விடமாட்டார். "ஏம்பா, எங்கயோ அணு உலை வெடிக்குதுன்னு வை. அந்தத் தூசி காத்துல எவ்ளோ தூரமும் வரும். வானம் காஞ்சிருந்தா பெரும்பாலும் தலைக்கு மேலயே போயிடும். அந்த நேரம் பாத்து மழை பெஞ்சுது, இங்கயே அடிச்சு இறக்கிடும். வாசல்ல தண்ணி தெளிச்சா தூசி அடங்குது இல்ல? முதல் மழைதான் வானத்தைக் கழுவுற மழை. அதுல நனையாதீங்கடா!"

"இப்ப எங்கயாவது வெடிச்சிருக்கா சார்?"

"இல்ல."

"அப்புறம் என்ன சார்?"

"இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்? நான் பிடிச்சு அனுப்புறதாலதான் தெரியுது!"

எங்கள் பிழைப்போ நேரெதிர். தூறல் விழுந்தாலே உப்புக் குவியலை மூட மழைக்குள் ஓடுவோம். அவர் குடையோடு குறுக்கே நின்று, "பத்து நிமிஷம் பொறுங்கடா!" என்று கத்துவார். "அதுக்குள்ள உப்பு கரைஞ்சிடும், ஒதுங்குங்க சார்!" ஒரு தடவை அவசரத்தில் அவரையும் சேர்த்தே தார்ப்பாயால் மூடிவிட்டோம்.

ஒரு கோடையில் அவர் மகளுக்குப் பிரசவம். புதுச்சேரிக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் தூறல் விழுந்ததும் புனல் மூடியத் திறந்துடுப்பா. பன்னெண்டு வருஷமா ஒரு முதல் மழையும் நான் விட்டதில்ல. அதுக்காகத்தான் இந்தப் புனலையே பிடுங்காம வச்சிருக்காங்க."

"நான் பாத்துக்கறேன், போங்க சார்."

மறுநாளே கொட்டியது. நான் உப்பைப் பார்க்க ஓடினேன். ஞாபகம் வந்தபோது மழை விட்டிருந்தது, பாட்டில் காலி. எந்த மழையானால் என்ன என்று, உப்புக் குவியல் மேல் தார்ப்பாய்க் குழியில் தேங்கியதை மொண்டு ஊற்றி மூடிவைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

திரும்பி வந்தவர் ஆசையாக அதை அனுப்பினார். ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "இது மழையா, ஊறுகாயா?" என்று அந்தக் குரல் கத்தியது எனக்கே கேட்டது. பாட்டில் சார் என்னைப் பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். "என் தப்புதாங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் ஆய்வுக்கூடத்து ஆட்கள் வந்து புனலைப் பிடுங்கினார்கள். அவர்கள் போனபிறகுதான், "ஏன் சார் என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அந்த மழை திரும்பி வருமா? விடுப்பா. உப்பு தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது சார்."

"அது போதும்."

இப்போது மகளோடு புதுச்சேரியில் இருக்கிறாராம். பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். இத்தனை வருஷத்தில் போய் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தப் பத்திரிகை அவர் கையில் கிடைக்கட்டும். அன்னிக்கு அந்த போனை நான் வாங்கிப் பேசியிருக்கணும் சார். மனசு உங்களைத் தேடுது.