எஞ்சினுக்கு எழுதுவித்த சாதகம்

உடுவில் கிழக்கு,
சுன்னாகம்.
11.06.2025

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்கட்கு,

இங்கு நானும் தயாளினியும் இரண்டு பசுக்களும் சுகம். அங்கு கனடாவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க எங்கள் ஊர்ப் பிள்ளையாரை வேண்டுகிறேன். முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக அறியத்தருகிறேன். என் மகள் ஆரணிக்குக் குழந்தை பிறக்கவில்லை. அக்கா ஐந்து நாளாக என் அழைப்பை எடுக்காதபடியால், முப்பத்தொரு வருடம் தபாலதிபராக இருந்தவன் நம்பக்கூடிய ஒரே வழியில் இதை எழுதுகிறேன். பிறந்தது ஓர் எஞ்சின்.

ஆரணி ஜெர்மனியில் விண்கலத்தைத் தள்ளும் புதுவகை எஞ்சினில் ஆராய்ச்சி செய்வது உங்களுக்குத் தெரியும். சுவாலையும் புகையும் இல்லை. ஒரு வாயுவுக்கு மின்சாரம் ஏற்றி, பிளாஸ்மா என்கிற ஒளிரும் நிலைக்குக் கொண்டுவந்து, அதைப் பின்பக்கமாக வீசினால் கலம் முன்னே போகுமாம். காற்றை உறிஞ்சியெடுத்த பெரிய இரும்புப் பீப்பாய்க்குள் வைத்து அதை இரண்டாயிரம் மணித்தியாலம் நிறுத்தாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் ஆராய்ச்சி இன்னும் மூன்று வருடம் நீளும். இடையில் உட்சுவர் தேய்ந்து நின்றுவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு அவள் வீட்டுக்கு வர வேண்டியதுதான். தகப்பன் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு ஏதும் எதிர்காலம் இருக்குமோ என்று, பக்கத்து வெங்காயத் தோட்டத்து அருட்செல்வனிடம் வாயை விட்டேன். "எத்தனை குதிரைவலு அண்ணை?" என்று கேட்டான். மகள் சொன்னதையே சொன்னேன்: உள்ளங்கையில் ஒரு கடதாசித் தாளை வைத்தால் என்ன பாரமோ, அவ்வளவுதான் அதன் தள்ளு. "என்ரை வாட்டர் பம்ப் ஒருக்கா இருமினாலே உதைவிடக் கூடத் தள்ளுமண்ணை," என்று சொல்லி வரப்பில் குந்தியிருந்து சிரித்தான். மேலே காற்றும் இல்லை, தடையும் இல்லை, மாதக்கணக்காக விடாமல் தள்ளத் தள்ள வேகம் ஏறிக்கொண்டே போகும், கொஞ்ச வாயுவிலேயே வெகுதூரம் போய்விடும் என்று நான் விளக்கியது அவன் காதில் ஏறவில்லை.

அந்த வெட்கத்தில்தான் பிழை விட்டேன். எஞ்சினுக்குச் சாதகம் எழுதுவிக்கலாமென்று பொன்னம்பலச் சாத்திரியாரிடம் போனவன், இவரும் சிரிப்பாரே என்று எஞ்சின் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதை முதன்முதலாக இயக்கிய நாளையும் நேரத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

"தாயின்ரை பேர்?" என்றார்.

"ஆரணி."

"தகப்பன்?"

"அப்பிடி ஒராளைச் சொல்லேலாது ஐயா. ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்தது."

சாத்திரியார் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். "பிள்ளை இப்ப எங்கை?"

"ஒரு பீப்பாய்க்குள்ளை. காத்துப் படக்கூடாதாம்."

அத்தான், அந்த மனிதரின் தொழில் பக்தியை மெச்ச வேண்டும். அப்படியும் கட்டம் போட்டு முடித்தார். கொஞ்சமாய்த்தான் குடிக்கும், ஆறுதலாய், மெள்ள மெள்ளத்தான் நடக்கும், ஆனால் பிடித்த பிடியை விடாது, தீர்க்காயுசு, பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போகும், திரும்பி வராது என்று பலன் சொன்னார். இதைவிட ஒரு பிளாஸ்மா எஞ்சினுக்கு என்ன வேண்டும்? நான் பூரித்துப்போய்ச் சைக்கிளை எடுத்தேன். பின்னாலிருந்த வாங்கில் பேத்தியின் சாதகத்தோடு அயல் வீட்டுச் சின்னாச்சி அக்கா குந்திக் காத்திருந்ததைக் கவனிக்கவேயில்லை. நான் சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீடு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. கட்டின மனிசி தயாளினிகூட மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் சின்னாச்சி அக்காவே, பிள்ளை பெற்றவளுக்கு ஜெர்மனிக்கு அனுப்பச் சொல்லி ஒரு கிலோ சரக்குத்தூள் இடித்துக்கொண்டு வந்து, "நடந்தது நடந்துபோச்சு தம்பி, பெடிச்சியைப் பேசாதையுங்கோ," என்று கண் கலங்கினா. உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னதும் அவதான். நல்ல மனிசி, அவவைக் குறை சொல்லவே ஏலாது.

நேற்றுக் காலை ஆரணி அழைத்தாள். இரண்டாயிரம் மணித்தியாலமும் ஓடி முடிந்தது, ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, உட்சுவரின் தேய்மானம் எதிர்பார்த்ததில் பாதியும் இல்லை, மூன்று வருடம் நீட்டிப்புக் கிடைத்துவிட்டது. எனக்கு நெஞ்சில் வைத்த அம்மிக்கல்லை எடுத்தமாதிரி இருந்தது. பீப்பாய்க்குள் அது நீலமாய் ஒளிர்கிற படத்தையும் அனுப்பியிருந்தாள். அதைக் கொண்டுபோய்ச் சின்னாச்சி அக்காவிடம் காட்டினேன். கைப்பேசியைத் தூரவும் கிட்டவும் பிடித்துப் பார்த்துவிட்டு, "உது பிள்ளை இல்லைத்தான்," என்றா. பிறகு சரக்குத்தூளைத் திருப்பித் தரச் சொன்னா. தயாளினி அதில் பாதியை ஏற்கெனவே மீன்கறிக்குப் போட்டுவிட்டா.

ஆகவே குடும்பத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதை அக்காவுக்கு எடுத்துச் சொல்லி, அவவை என்னோடு கதைக்க வையுங்கள். உங்கள் முழங்கால் நோவு தணியவும், மருமக்கள் எல்லாரும் சீரோடு வாழவும் நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மைத்துனன்,
சி. சண்முகநாதன்

பி.கு.: இந்தத் துண்டு உங்களுக்கு மட்டும். தகப்பன் மனம் என்று மேலே எழுதினேனே, அது பொய். எஞ்சின் ஓடுமோ என்று கேட்க நான் சாத்திரியாரிடம் போகவில்லை, எப்போது நிற்கும் என்று அறியத்தான் போனேன். நின்றால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள் அல்லவா. தீர்க்காயுசு என்று அவர் சொன்னதும் பூரித்தேன் என்று எழுதியதும் பொய். நேரே அளவெட்டிக்குப் போய் வேறு பஞ்சாங்கம் வைத்திருப்பவரிடமும் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். பிள்ளையாரிடமும் அதை நிற்பாட்டச் சொல்லித்தான் நேர்த்தி வைத்தேன். நேற்று அவள், "அப்பா, அது நிக்கேல்லை, ஓடி முடிச்சிட்டுது," என்று சொல்லி விம்மி அழுதபோது, என் வேண்டுதல் பலிக்காததற்கு நானும் சேர்ந்து அழுதேன், அத்தான், சந்தோசத்தில். இதைக் கிழித்துப்போடுங்கள். அக்கா கண்டால் ஆரணியிடம் சொல்லிவிடுவா. மூன்று வருடம் கழித்து அவள் வரும்போது நானே சொல்கிறேன்.