வங்கிச் சின்னத்தில் ஒரு காக்கை

பணமில்லாத வங்கிகள் உண்டு. நானே ஒன்றில் கணக்கு வைத்திருந்தேன். ஆனால் சின்னமில்லாத வங்கியை இந்த எழுபத்தெட்டு வயது வரை நான் பார்த்ததில்லை.

பால்டிக் அண்ட் பெங்கால் பன்னாட்டு வங்கியின் சின்னம் ஆதியில் ஒரு கப்பல். கொல்கத்தா கிடர்பூர் துறைமுகத்தில் சணல் ஏற்றிய காலத்து வங்கி அல்லவா? மூன்று பாய்மரம், கொடி, நங்கூரம், கீழே கடல், கடலில் இரண்டு மீன் என்று லட்சணமாக இருந்தது. பிறகு நிபுணர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் மீன்களை எடுத்துவிட்டு, சின்னம் நவீனமாகிவிட்டது என்றார். அடுத்தவர் கடலை எடுத்தார். அவருக்கு இரண்டு மடங்கு சன்மானம், கடல் பெரியதாயிற்றே! கொடி போயிற்று, பாய்மரம் போயிற்று, கப்பலும் போயிற்று. கடைசியில் மிஞ்சியது கப்பலின் ஜன்னல் ஒன்றுதான். ஒரு வளையம். "இந்த வளையத்தின் வழியே பார்ப்பவர்களுக்குக் கப்பல் தானாகவே புலப்படும்" என்று எண்பத்து நான்கு பக்கத்தில் அறிக்கை வந்தது.

கிடர்பூர் கிளையின் வாசலுக்கு மேலே அந்த வளையத்தை ஐந்தடி அகலத்தில் இரும்பில் அடித்து மாட்டியிருந்தார்கள். போன மாசி மாதம் ஒரு காக்கை வந்து பார்த்தது. அதற்குக் கப்பல் புலப்படவில்லை. நல்ல இடம் என்று மட்டும் புலப்பட்டது. துணி மாட்டும் கம்பி, சைக்கிள் ஸ்போக், பூஜா பந்தலில் மிஞ்சிய மூங்கில் சிம்பு எல்லாம் கொண்டுவந்து வளையத்துக்குள் கூடு கட்டிவிட்டது.

கிளை மேலாளர் சௌந்தரராஜன் லேக் கார்டன்ஸில் என் பக்கத்துக் கட்டடம். சென்னை நங்கநல்லூரில் சொந்த வீடு கட்டியிருக்கிறார். அதில் இதுவரை நான்கு வாடகைக்காரர்கள் குடியிருந்து போய்விட்டார்கள். அவர் அங்கே ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. பதினோரு வருஷமாக ஒவ்வொரு ஏப்ரலிலும் மாற்றல் விண்ணப்பம் நிரப்புவார். 'விரும்பும் ஊர்' என்ற கட்டத்தில் 'சென்னை' என்று எழுதுவார். 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். அந்தப் பதில்கள் மட்டுமே ஒரு ஃபைல் ஆகிவிட்டன.

கூட்டை முதலில் பார்த்தவன் வாசல் காவலாளி ஹரிபதா.

"மேனேஜர்பாபு, லாட்டித் தடியால ஒரு தட்டு தட்டட்டுமா?"

"கை வைக்காதே!" என்று பாய்ந்து வந்தார் சௌந்தரராஜன். "சின்னக் கையேடு, பத்தி பதினேழு. தலைமையகத்துச் சின்ன மன்றத்தின் முன் அனுமதி இல்லாமல் சின்னத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது."

"காக்கா சேர்த்துடுச்சே, பாபு?"

"அது கையேடு படிக்கலை. நான் படிச்சுத் தொலைச்சிருக்கேனே!"

அவர் பயம் அவருக்கு. ஃபைலில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் நங்கநல்லூர் கனவுதான். ஆகவே கூட்டைப் படம் பிடித்து, 'மேற்படி பொருளை அப்புறப்படுத்த அனுமதி வேண்டுதல்' என்று கடல் கடந்த தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார்.

அங்கே சின்னத்துக்கென்றே இருந்த சின்ன மன்றம் பெரிய தர்மசங்கடத்தில் இருந்தது. வங்கியின் நூற்று முப்பதாவது ஆண்டுக்குச் சின்னத்தை மறுபடி நவீனமாக்க வேண்டும். எடுப்பதற்கு வளையத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நிபுணரும் அதைத்தான் எடுக்கச் சொல்லியிருந்தார். வெறும் சுவருக்கு எப்படிச் சன்மானம் கொடுப்பது என்று இயக்குநர்கள் யோசித்துக்கொண்டிருந்த வேளையில் சௌந்தரராஜனின் படம் போய்ச் சேர்ந்தது.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு பார்த்தாராம். "சேமிப்பு. குடும்பம். மறுசுழற்சி. இத்தனையும் ஒரே வளையத்தில்!" என்றாராம். குச்சிகளை எண்ணினார்கள். நூற்றுப் பதினான்கு. முப்பத்தெட்டு நாட்டுக் கிளைகளுக்கும் உத்தரவு பறந்தது: இன்றுமுதல் வளையத்துக்குள் நூற்றுப் பதினான்கு குச்சிகள் கொண்ட கூடு. துபாயில் தங்க முலாம், சிங்கப்பூரில் பிளாஸ்டிக்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? நியூ டவுன் மாடி வீடுகளில் கூடு தொங்காத பால்கனி அநாகரிகம் என்றாயிற்று. வருஷா வருஷம் குருவி கூடு கட்டாமல் இருக்க வலை அடித்தவர்களே, வலைக்கு வெளியே மூவாயிரம் ரூபாய்க்குக் கூடு வாங்கி மாட்டினார்கள். உள்ளே பறவை வந்தால் விரட்டினார்கள். கூடு அழுக்காகிவிடும் பாருங்கள்!

சித்திரையில் கிடர்பூருக்குத் தணிக்கைக்கு வந்தாள் சுபிக்ஷா. நியூ டவுன் அலுவலகத்தில் சின்னப் பராமரிப்பு அதிகாரி. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஏணி போட்டு ஏறி எண்ணினாள். காக்கை தலையில் இரண்டு கொத்து கொத்தியது. அதையும் குறித்துக்கொண்டாள்.

"அங்கிள், நூத்தி இருபத்தொண்ணு இருக்கு. ஏழு குச்சி எக்ஸ்ட்ரா."

"அது என்னைக் கேட்டுண்டா வைக்கறது?"

"கேக்கணும் இல்லையா? ஏ கீ காண்டோ, என்ன கூத்து இது அங்கிள்! ஒரு வெளியாள் தினமும் வந்து சின்னத்தை மாத்தறான், நீங்க பாத்துட்டு இருக்கீங்க."

"வெளியாளா? அது கட்டினதுதானேம்மா சின்னமே!"

"அப்போ உள்ளாளா ஆக்கிடுங்க. ஸ்டாஃப்னா ரூல் அப்ளை ஆகும். நான் ஃபார்ம் அனுப்பறேன்."

அனுப்பினாள். பணியாளர் படிவம், பன்னிரண்டு பக்கம். சௌந்தரராஜன் மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து நிரப்பினார். பெயர்: காக்கை. தந்தை பெயர்: காக்கை. தெரிந்த மொழிகள்: ஒன்று. குடும்பம்: முட்டை நான்கு. முன் அனுபவம்: உண்டு. கையெழுத்துக்குத்தான் திண்டாட்டம். ஹரிபதா முத்திரைக்கு மை தொடும் அட்டையில் பொரியைத் தூவி, பக்கத்தில் படிவத்தை விரித்து வைத்தான். காக்கை மையில் நின்று பொரி தின்றுவிட்டு, படிவத்தின் மேல் நிதானமாக நடந்து போயிற்று. சில அதிகாரிகளின் கையெழுத்தைவிடத் தெளிவாக விழுந்தது.

பன்னிரண்டாம் நாள் தலைமையகத்திலிருந்து உறை வந்தது. 'மாற்றல் ஆணை. கிடர்பூரிலிருந்து சென்னைக்கு.'

சௌந்தரராஜன் நின்ற நிலையில் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் மனைவி வசந்தி, கட்டடம் முழுக்க சந்தேஷ் இனிப்பு கொடுத்தாள். பக்கத்துக் கட்டடத்தில் எனக்கும் இரண்டு. அட்டைப்பெட்டிக்காரனைக் கூப்பிட்டாயிற்று. நங்கநல்லூர் வாடகைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்தாயிற்று. சாயங்காலம் ஆற அமர ஆணையைப் படித்தபோதுதான் பணியாளர் எண் கண்ணில் பட்டது. அது அவருடைய எண் அல்ல.

நடந்தது இதுதான். காக்கையின் படிவத்தில் பதினோராம் பக்கத்தில் 'விரும்பும் ஊர்' என்று ஒரு கட்டம். பதினோரு வருஷப் பழக்கம். மனுஷர் யோசிக்கும் முன்பே கை 'சென்னை' என்று எழுதிவிட்டிருக்கிறது.

சுபிக்ஷாவுக்குப் போன் போட்டார்.

"தப்பே இல்லை அங்கிள். அவர் ஃபைல் ரொம்ப க்ளீன். ஒரு ரிமார்க் கிடையாது. அதான் முதல் விண்ணப்பத்துலயே குடுத்துட்டாங்க."

"என் ஃபைல்ல மட்டும் என்ன ரிமார்க்?"

"ஏழு குச்சி."

ஆணையின் கீழே ஒரு குறிப்பும் இருந்தது. மேற்படி பணியாளரையும் குடும்பத்தாரையும் கிளை மேலாளர் நேரில் அழைத்துச் சென்று, சென்னைக் கிளையில் ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொண்டு கொல்கத்தா திரும்பவேண்டியது.

வசந்தி ஆணையை வாங்கிப் படித்தாள். பிறகு சொன்னாள்: "ஏன்னா, நம்ம ஆத்துலயே வேணா குடிவைச்சுட்டு வாங்கோ. வாடகைக்காரர்தான் காலி பண்றாரே."

செய்தி பரவி, லேக் கார்டன்ஸ் தமிழர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். சுங்க இலாகா வெங்கட்ராமன், துறைமுகத்துப் பாலசுப்ரமணியன், எல்லாரும் சென்னைக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள். காப்பி வந்தது. யாரும் குடிக்கவில்லை. வெங்கட்ராமன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, எல்லாருக்கும் சேர்த்துக் கேட்டார்:

"சார், மறைக்காம சொல்லுங்கோ. அந்தக் காக்கை யாரைப் பிடிச்சு வாங்கித்து?"

"யாரையும் பிடிக்கலை."

"சரி, சொல்ல வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். பாலசுப்ரமணியனும் எழுந்தார். போகிற அவசரத்தில் செருப்பு மாறிப் போயிற்று.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிடர்பூர் கிளை வாசலில் வரிசை நின்றது. சுங்கம், துறைமுகம், ரயில்வே, கணக்குத் தணிக்கை, எல்லா இலாகாவும். ஒரு கையில் மாற்றல் மனு, மறு கையில் டிபன் டப்பா. ஹரிபதா டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. என் மகனும் ஆறு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறான். தயிர்சாதம் கொண்டு போயிருந்தேன். டோக்கன் நாற்பத்து மூன்று.

முன்னால் நின்ற பாலசுப்ரமணியனின் டப்பாவில் மெதுவடை வாசனை அடித்தது. மனசு கொஞ்சம் கலங்கிவிட்டது. யாராவது வெறுங்கையோடு வந்திருப்பார்களா, ஆறுதலாக இருக்குமே என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

நாற்பத்து நான்காவது டோக்கனோடு சௌந்தரராஜன் நின்றிருந்தார். கக்கத்தில் பன்னிரண்டாவது விண்ணப்பம். கையில் அடுக்குப் பாத்திரம், நாலு அடுக்கு.

"என்ன சார், மேனேஜர் நீங்க! நேரா முன்னாடி போகக் கூடாதோ?" என்றேன்.

"மெதுவா பேசுங்கோ" என்றார், மேலே வளையத்தைப் பார்த்துக்கொண்டே. "சார் காதுல விழப்போறது."