ஆர்பின் மாமாவின் முறை

லாரல் ஓடை, கென்டக்கி
திங்கட்கிழமை

டேட்டனில் இருக்கும் மரியாதைக்குரிய வெர்லின் மாமாவுக்கு, ரொவீனா வணக்கத்துடன் எழுதுவது. அங்கே தொழிற்சாலையும் உங்கள் முழங்காலும் தகராறு இல்லாமல் ஓடுகின்றன என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். உங்கள் அண்ணன் ஆர்பின் மாமா மட்டும், மார்ச்சில் இறந்தவர், இன்னும் இறந்தவரைப் போல நடந்துகொள்ள மாட்டேன் என்கிறார்.

போன சனிக்கிழமை, நாங்கள் வாராவாரம் கூடி வாசிக்கும் விதைக்கடையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். "இது ஆவி இல்லை, ஒத்ததிர்வு" என்று நான் சொல்லவில்லை. ஒரே சுருதியில் இரண்டு கம்பிகள் இருந்தால், ஒன்றை மீட்டும்போது மற்றது தானாக முனகும் என்று எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. சொல்ல வாயெடுத்தேன். உங்கள் அண்ணி டெல்ஃபியா அத்தையின் முகத்தைப் பார்த்தேன். காப்பியைக் குடித்தேன்.

நீங்கள் ஊரை விட்டுப் போய் வெகுகாலம் ஆனாலும் வழக்கம் மறந்திருக்காது. வாசிக்கும் வட்டத்தில் ஒருவர் இறந்தால் ஒரு வருஷத்துக்கு அவர் நாற்காலி அங்கேயே இருக்கும், அதில் அவருடைய வாத்தியம் இருக்கும், யாரும் தொடக்கூடாது. பாட்டு சுற்றி வந்து அவர் முறை வரும்போது மற்றவர்கள் குரலையும் கையையும் இறக்கி, வெறும் தாளம் மட்டும் போட்டு அந்த ஒரு அடியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்தவருக்குத் தலையசைக்க வேண்டும். அத்தையும் மாமாவின் ஐந்து கம்பிப் பான்ஜோவுக்கு மாவுச்சாக்குத் துணியில் உறை தைத்துப் போட்டுக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். வசந்தம் முழுக்க அந்த அடி காலியாகத்தான் போனது. ஜூனில் ஒருநாள் உறைக்குள்ளிருந்து ஒரே ஒரு சத்தம், கட்டைவிரலால் மீட்டுகிற அந்தக் குட்டைக் கம்பியின் சத்தம். டால்மட்ஜ் ஃபிடிலைத் தாடையிலிருந்து எடுக்காமலே, "ஆர்பின்தான். உயிரோட இருந்தப்பவும் தாளத்துக்குப் பின்னாலதானே வருவான்" என்றார். ஆளுயர பாஸ் ஃபிடில் வாசிக்கும் ஓவா அக்கா, "செத்தாவது திருந்துவான்னு பாத்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஜூலையில் பாதி அடி வந்தது. அப்போது யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. கடை நாய் வாசலோடு நின்றுவிட்டது, உள்ளே வர மறுக்கிறது, ரொட்டி காட்டினாலும். போன சனிக்கிழமை ஒரு முழு அடி. அதுவும் டால்மட்ஜ் ஆரம்பித்த பாட்டு இல்லை, ஆர்பின் மாமாவுக்குப் பிடித்த வேறு பாட்டு. நாங்கள் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. என் கணக்கில், டால்மட்ஜ் பாட்டை மறந்து தடம் மாறியிருப்பார், நாங்கள் அவரைத் தொடர்ந்திருப்போம், நாங்கள் வாசித்ததைத்தான் பான்ஜோ திருப்பிச் சொல்லியிருக்கும். உறைத் துணி கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் துடித்ததற்குக் காரணம் மின்விசிறி. விசிறி ஓடவில்லைதான், காற்று வேறு வழியாக வந்திருக்கும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் வண்டியோடு வந்து பான்ஜோவை எடுத்துப் போவதாகவும், அது பாஸ்டன் நகரத்துப் பெரிய கம்பெனி தயாரிப்பு என்றும், தாத்தா உங்களுக்கென்று சொன்னது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாமா, ஆர்பின் மாமா பெரிய கம்பெனி எதையும் வீட்டுக்குள் விட்டவர் இல்லை. இறந்தவர்களின் களஞ்சியப் பரண்களில் நான் டார்ச்சைப் பிடிக்க அவர் ஏறித் தேடியதெல்லாம் யாரும் கேள்விப்படாத பெயர்கள்தான்: தபால் விற்பனைப் புத்தகத்தில் கோழிவலைக்கும் பெண்கள் உள்ளாடைக்கும் நடுவில் விற்ற கிட்டார், மாட்டுக்காரனும் நிலாவும் வரைந்த கிட்டார் (நிலாவில்தான் ஓட்டை), பன்றிக்கொழுப்பு டின்னில் செய்த பான்ஜோ. நான் வாசிக்கிற கிட்டாரே ஒரு நாற்காலிப் பட்டறையில் செய்தது, மழை வந்தால் நாற்காலி மாதிரியே கிறீச்சிடும். அவருடைய பான்ஜோவின் தோல் பூனைத் தோல். டால்மட்ஜின் அம்மாவுடைய பூனை காணாமல் போன வருஷத்துத் தோல் என்பதால் அந்தப் பேச்சை அவர் முன்னால் எடுப்பதில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டதற்காக, இந்த வாரம் அத்தையிடம் அனுமதி வாங்கி உறையைக் கழற்றிப் பெயர் பார்த்து எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். மார்ச் வரைக்கும் வராதீர்கள். அத்தை வாரம் முழுக்க யாரோடும் பேசுவதில்லை, சோளரொட்டி சுடுவாள், ஆறவிடுவாள், கோழிக்குப் போடுவாள். சனிக்கிழமை மட்டும் தலை சீவி, நல்ல காலணி போட்டு, "கெளம்புடி, அவரு காத்திட்டிருப்பாரு" என்கிறாள். அந்த நாற்காலி காலியானால் அவள் அந்தக் காலணியை மறுபடி எடுக்க மாட்டாள். அது வெறும் ஒத்ததிர்வு என்பது நமக்குள் இருக்கட்டும்.

ஹேஸல் அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டுக் கூரையையும் வண்டியின் பிரேக்கையும் காப்பாராக.

உங்கள் தங்கை மகள்,
ரொவீனா

பின்குறிப்பு: ஓடை பெருகி வாரம் முழுக்கத் தபால்காரர் வரவில்லை, கடிதம் இங்கேயே கிடந்தது. வியாழக்கிழமை பான்ஜோவின் உறையைக் கழற்றினேன். பெயர் எதுவும் இல்லை. குதிரையும் இல்லை, கம்பிகளைத் தூக்கி நிறுத்துகிற அந்த மரத்துண்டைத்தான் சொல்கிறேன். ஐந்து கம்பிகளும் தளர்ந்து தோல் மேல் நூல் மாதிரி கிடந்தன. அந்த நிலையில் ஒரு கம்பியும் முனகாது. நானே மீட்டிப் பார்த்தேன். அத்தை அடுப்பிலிருந்து திரும்பாமலே, "பொதைச்ச அன்னிக்கே எடுத்துட்டேனே. வாசிக்க ஆளில்லன்னா தோல் அமுங்கிப்போயிரும்ல" என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான் படிச்சவளாச்சே, தெரிஞ்சுதான் பேசாம இருக்கேன்னு நெனச்சேன்."

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். உங்களைத் தடுக்க வேண்டாம் என்று அத்தையும் சொல்கிறாள். "வெர்லின் வரட்டும். யாரு யாரக் கூட்டிட்டுப் போறாங்கன்னு பாப்போம்."

இன்று சனிக்கிழமை. அத்தை பான்ஜோவை உறையில்லாமல் நாற்காலியில் வைத்தாள். எல்லோரும் குதிரையில்லாமல் தளர்ந்து கிடந்த கம்பிகளைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்தார்கள். பாட்டு சுற்றி வந்தது. ஆர்பின் மாமாவின் முறையில் அது ஒரு அடி முழுவதும் வாசித்தது. பாதிப் பாட்டில் எழுந்து போகிற பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. டால்மட்ஜ் எனக்குத் தலையசைத்தார், நான் என் முறையை வாசித்தேன்.